சக ஆதரவாளர்: பட்டவர் துணைக்கு வரும் வேலையும் அதைக் கரைக்கும் கணக்கும்

மனநல வார்டிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள் மிகவும் ஆபத்தானவை. வார்டில் நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு மாத்திரை, சுற்றிலும் ஆட்கள். வீட்டுக்கு வந்தால் கையில் ஒரு மருந்துச் சீட்டும், டாக்டரைப் பார்க்க எப்போதோ ஒரு தேதியும்தான் மிச்சம். அமெரிக்காவின் சமூக மனநல மையங்களிலிருந்து அந்த நாட்களில் வந்து கதவைத் தட்டுகிறவர்களில் ஒருவருக்கு 'பியர் சப்போர்ட் ஸ்பெஷலிஸ்ட்' என்று பதவிப் பெயர். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, கடும் மனச்சோர்வு, போதைப் பழக்கம் என்று ஏதோ ஒன்றில் தானும் சிக்கி, அதிலிருந்து தன் வாழ்க்கையை மீட்டுக்கொண்டவர் அவர். அந்தப் பட்டறிவுதான் வேலைக்கான முதல் தகுதி. தமிழில் அவரைச் சக ஆதரவாளர் என்று அழைக்கலாம்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இந்த வேலையின் அடிப்படை அதுதான். ஆனால் பட்டவர் என்பதால் மட்டும் ஒருவர் உதவிவிட முடியாது. அவரைச் சுற்றி அமைக்கப்படும் நேரக்கணக்கு, மேற்பார்வை, குறிப்பேடு, சம்பளம் ஆகியவை சரியாக இருந்தால்தான் அவர் சகமனிதராக நீடிப்பார். இல்லாவிட்டால் ஓராண்டுக்குள் மலிவான உதவியாளராகவோ அரைகுறை ஆலோசகராகவோ மாறிவிடுவார். இந்த வேலை எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் கரைகிறது என்பதையே இங்கே பார்க்கிறோம்.

இதன் வேர் பழையது. 1790களில் பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில் மேற்பார்வையாளராக இருந்த ழான் பத்தீஸ்த் புசேன், குணமடைந்த நோயாளிகளையே பணியாளர்களாக வைத்துக்கொண்டார். அவர்கள் நோயாளிகளிடம் கொடூரமாக நடக்கவில்லை. 1970களில் அமெரிக்காவில் முன்னாள் நோயாளிகள் ஒன்றுகூடி, கட்டாயச் சிகிச்சையை எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். தங்களுக்குத் தாங்களே நடத்தும் உதவிக் குழுக்களையும் தொடங்கினார்கள். சம்பளம் வாங்கும் பதவியாக இது நிலைபெற்றது அதற்குப் பிறகுதான். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டின் பணத்தை இந்த வேலைக்குப் பெறும் வழியை 1999இல் ஜார்ஜியா மாநிலம் திறந்தது. 2007 ஆகஸ்ட் 15 அன்று மெடிக்கெய்டை நடத்தும் மத்திய அமைப்பு எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. அது மூன்று நிபந்தனைகளை வைத்தது. மாநிலம் வரையறுக்கும் தகுதியுள்ள மனநலப் பணியாளர் ஒருவரின் மேற்பார்வை வேண்டும். தனிநபருக்கான சிகிச்சைத் திட்டத்தோடு இந்தச் சேவை இணைந்திருக்க வேண்டும். பயிற்சியும் சான்றிதழும் வேண்டும். இன்று அநேகமாக எல்லா மாநிலங்களிலும் இந்தச் சான்றிதழ் உண்டு.

பயிற்சி நேரம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் 80 மணி நேரம். 2023இல் மத்திய மனநல அமைப்பு வெளியிட்ட மாதிரித் தரநிலைகள் 40 முதல் 60 மணி நேரப் பயிற்சியும், மேற்பார்வையோடு கூடிய 120 மணி நேரப் பணி அனுபவமும் போதும் என்கின்றன. இரண்டு வாரப் பயிற்சியில் ஒருவர் கற்பது குறைவுதான். மீதியை வேலையில்தான் கற்க வேண்டும், அதனால்தான் மேற்பார்வை இவ்வளவு முக்கியமாகிறது.

கால் மணிக் கணக்கு

மெடிக்கெய்ட் பில்லில் இந்த வேலையின் குறியீடு ஹெச்0038. ஒரு யூனிட் என்பது 15 நிமிடம். பல திட்டங்களில் 8 நிமிடம் ஆனாலே ஒரு யூனிட் எழுதலாம். 23 நிமிடத்தில் இரண்டு, 38இல் மூன்று, 53இல் நான்கு. நேருக்கு நேர் செலவிட்ட நேரத்துக்கே பணம். கார் ஓட்டிப் போன நேரம், கதவைத் தட்டியும் ஆள் திறக்காத நேரம், குறிப்பு எழுதும் நேரம் ஆகியவை பெரும்பாலும் கணக்கில் வராது.

இதை ஒரு வாரத்துக்குப் போட்டுப் பார்ப்போம். 40 மணி நேர வேலையில் 24 மணி நேரத்துக்குப் பில் போட வேண்டும் என்று மையம் இலக்கு வைப்பதாகக் கொள்வோம். அது 96 யூனிட். ஒரு சந்திப்பு 45 நிமிடம், அதாவது மூன்று யூனிட் என்றால், வாரத்துக்கு 32 சந்திப்புகள். போக வர 40 நிமிடம், குறிப்புக்கு 15 நிமிடம் என்று வைத்தால், அதற்கு மட்டும் 29 மணி 20 நிமிடம் ஆகும். மொத்தம் 53 மணி 20 நிமிடம். குழுக் கூட்டத்தையும் மேற்பார்வை நேரத்தையும் இன்னும் சேர்க்கவே இல்லை.

கணக்கு இடிக்கும்போது ஆள் என்ன செய்வார்? தூரத்தில் இருப்பவரை மெல்ல மெல்லக் கைவிடுவார். கதவு திறக்காதவரைத் தேடிப் போவதை நிறுத்துவார். பேசத் தெரிந்த, கலகலப்பான, ஏற்கனவே ஓரளவு தேறியவர்களையே சுற்றிச் சுற்றி வருவார். யாருக்காக இந்தப் பதவி உருவானதோ அவர்தான் முதலில் விடுபடுகிறார். அதில் பணியாளரின் குணக்கேடு ஒன்றுமில்லை, கணக்கு அப்படிப் போடப்பட்டிருக்கிறது. ஒரே வட்டாரத்தில் இருப்பவர்களை ஒரே நாளில் சேர்த்து வைப்பது, வாரத்தில் ஒரு குழுக் கூடுகை நடத்துவது, சந்திப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் குறிப்பை அவரோடு சேர்ந்தே எழுதுவது ஆகிய மூன்றும் ஓரளவு உதவும். இலக்கைக் குறைப்பதுதான் உண்மையான தீர்வு.

ஆக்ட் குழுக்களில் நிலைமை கொஞ்சம் வேறு. 1970களின் தொடக்கத்தில் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனில் உருவான முறை அது. மருத்துவர், நர்ஸ், சமூகப் பணியாளர் எல்லாரும் ஒரே குழுவாக, சுமார் பத்துப் பேருக்கு ஒரு பணியாளர் என்ற விகிதத்தில், வீடு தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். நாளுக்கோ மாதத்துக்கோ ஒரே தொகையாகப் பணம் வரும் மாநிலங்களில் கால் மணி நெருக்கடி இல்லை. அங்கே வேறொரு ஆபத்து காத்திருக்கிறது. குழு தினமும் மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும். "அந்தப் பக்கம்தானே போறீங்க, இவருக்கும் குடுத்துட்டு வந்துடுங்க" என்று ஒருநாள் சக ஆதரவாளரிடம் மாத்திரைப் பொட்டலம் வரும். வாங்கிக்கொண்டால், மறுநாளிலிருந்து அந்த வீட்டில் அவர் மாத்திரை போட்டதைச் சரிபார்க்க வரும் ஆள். அதன் பிறகு "மாத்திரையை நிறுத்திட்டேன்" என்று யாரும் அவரிடம் மனம் திறக்க மாட்டார்கள். ஆட்களை வண்டியில் ஏற்றி இறக்குவது, மாத்திரை கொடுப்பது, சிறுநீர்ப் பரிசோதனைக்கு நிற்பது ஆகியவை தன் வேலை இல்லை என்று பணி விவரத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்வார்த்தை ஆள் பற்றாக்குறையான முதல் வாரத்திலேயே உடைந்துபோகும்.

முதல் சந்திப்பும் தன் கதையும்

முதல் சந்திப்பிலேயே மூன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் யார், எதற்கு வருகிறேன். நான் டாக்டரோ ஆலோசகரோ இல்லை. நீங்கள் சொல்வதில் எது என்னோடு நிற்கும், எது நிற்காது. இந்த மூன்றாவதைத்தான் பலர் தயக்கத்தில் தள்ளிப்போடுகிறார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து, குழந்தைக்கு நேரும் கொடுமை போன்றவற்றை மேலே சொல்லியே ஆக வேண்டும். மாநிலச் சட்டத்துக்கேற்ப பட்டியல் மாறும். இதை முதல் நாளில் சொன்னால் விதி. ஆறாவது வாரத்தில், அவர் மனதைக் கொட்டிய பிறகு சொன்னால் துரோகம்.

அடுத்தது தன் கதை. சக ஆதரவாளரின் கருவிகளில் மிகக் கூர்மையானது அது, அதனால் கையையும் வெட்டும். சொல்வதற்கு முன் மனதுக்குள் ஒரு கேள்வி: இதை இப்போது யாருக்காகச் சொல்கிறேன்? தன் பாரம் இறங்குவதற்கு என்றால் அது மேற்பார்வையாளரிடம் போக வேண்டிய கதை. எதிரில் இருப்பவருக்காக என்றால், அவர் பேசிக்கொண்டிருக்கும் விஷயத்தைத் தொடும் ஒரு துண்டு மட்டும் போதும், இரண்டு நிமிடத்துக்குள். முடித்ததும் பேச்சை அவரிடமே திருப்பித் தர வேண்டும்: "எனக்கு அப்படி இருந்தது. உங்களுக்கு எப்படி இருக்கு?" இன்னும் ஆறாத காயம், மருந்தின் பெயரும் அளவும், தற்கொலை முயற்சியின் முறை ஆகிய மூன்றும் வெளியே வரக் கூடாது. மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு "எனக்கு இது பலித்தது, உங்களுக்கும் பலிக்கும்" என்பது. அந்த ஒரு வாக்கியத்தில் சகமனிதர் வைத்தியராகிவிடுகிறார்.

குரல்கள் கேட்பவரிடம் "அது நிஜமில்லை" என்று வாதாடுவதும் வேண்டாம், ஆமாம் போடுவதும் வேண்டாம். நெதர்லாந்தில் 1980களின் பிற்பகுதியில் மருத்துவர் மாரியுஸ் ரோமேவிடமிருந்து தொடங்கிய குரல் கேட்போர் இயக்கம் ஒரு நடைமுறையைத் தந்தது. குரல் என்ன சொல்கிறது, எந்த நேரத்தில் உரத்துப் பேசுகிறது, எப்போது அடங்குகிறது, அதனிடம் என்ன சொல்லிப் பார்த்தீர்கள் என்று கேட்பது. வருடக்கணக்கில் அவரிடம் யாரும் கேட்காத கேள்விகள் இவை.

மருந்து விஷயத்தில் எல்லைக்கோடு தெளிவானது. போடு, விடு என்று இரண்டையும் சொல்லக் கூடாது. ஆனால் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதும் இல்லை. டாக்டரைப் பார்க்கும் நேரம் பெரும்பாலும் பதினைந்து, இருபது நிமிடம். முந்தைய நாள் இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் மூன்று வரி எழுதலாம்: மருந்தால் எது தேவலை, எது தாங்கவில்லை, நான் என்ன கேட்கிறேன். "இரவில் எச்சில் வழிகிறது, எடை கூடிவிட்டது, காலையில் ஆறு மணி வேலைக்கு எழ முடியவில்லை, மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா?" என்று எழுதிக் கொண்டுபோனவர், "எப்படி இருக்கீங்க?" என்ற கேள்விக்குத் தலையாட்டிவிட்டு வருவதில்லை.

நலத் திட்டம்

பல மையங்களில் பயன்படும் 'ராப்' திட்டம், 1997 வாக்கில் மேரி எல்லன் கோப்லாண்டும் வெர்மான்டில் கூடிய முன்னாள் நோயாளிகளும் சேர்ந்து உருவாக்கியது. முதலில் நலக் கருவிகளின் பட்டியல்: நடை, பாட்டு, தூக்கம், யாருக்குப் போன் என்று. அடுத்து நாள்தோறும் செய்ய வேண்டியவை. பிறகு எது என்னைத் தூண்டிவிடும், முதல் அறிகுறிகள் என்ன, நிலைமை உடையும்போது என்ன தெரியும் என்று படிப்படியாகப் போகும். கடைசியில் நெருக்கடித் திட்டமும், நெருக்கடி தாண்டிய பிறகான திட்டமும்.

இதில் உழைப்பு போட வேண்டிய இடம் முதல் அறிகுறிகள். "பதற்றமாக இருக்கும்" என்று எழுதினால் பயனில்லை. இரண்டு இரவு மூன்று மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கினேன், தங்கையின் போனை எடுக்கவில்லை, ஜன்னல் திரையைப் பகலிலும் மூடினேன் என்று கண்ணுக்குத் தெரிவதை எழுத வேண்டும். நெருக்கடித் திட்டத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதோடு யாரைக் கூப்பிடவே கூடாது என்பதும் வேண்டும். எந்த மருந்து முன்பு ஒத்துக்கொள்ளவில்லை, குழந்தையைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவார், பூனைக்கு யார் சோறு வைப்பார் என்பதும் வேண்டும். பூனைக்கு வழி தெரியாததால் மருத்துவமனைக்கு வர மறுப்பதெல்லாம் நடக்கக்கூடியதே. பணியாளரே வேகவேகமாக நிரப்பிக் கையெழுத்து வாங்கிய திட்டம் கோப்பிலேயே கிடக்கும். அவர் கையெழுத்தில், அவர் சொற்களில், நான்கைந்து சந்திப்பில் எழுதியதுதான் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டப்படும்.

யாராவது "வாழப் பிடிக்கல" என்றால் இரண்டு தவறுகள் நடக்கின்றன. பயந்துபோய் உடனே போலீஸைக் கூப்பிடுவது ஒன்று. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுப்பது இன்னொன்று. செய்ய வேண்டியது, நேராகக் கேட்பது: "உயிரை விடணும்னு நினைக்கிறீங்களா?" அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை. வழி ஏதாவது யோசித்திருக்கிறாரா, அதற்கான பொருள் கையெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். இருந்தால் அதை அப்புறப்படுத்துவது பற்றிப் பேசி, அவரைத் தனியே விடாமல், அவர் முன்னாலேயே மேற்பார்வையாளரை அழைக்க வேண்டும். 2022 ஜூலை 16 முதல் அமெரிக்கா முழுவதும் 988 என்ற எண் இதற்காகவே இருக்கிறது. இந்தியாவில் அதே ஆண்டு அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸின் எண் 14416, தமிழிலும் பேசலாம்.

குறிப்பேட்டையும் விட்டுவிடக் கூடாது. 2021 ஏப்ரலிலிருந்து அமெரிக்காவில் நோயாளிகள் தங்கள் மருத்துவக் குறிப்புகளில் பெரும்பாலானவற்றைத் தாங்களே இணையத்தில் படிக்க முடிகிறது. "ஒத்துழைக்கவில்லை, சுகாதாரம் மோசம்" என்று எழுதினால் அதை அவரே படிப்பார். "இன்று வெளியே வர மனமில்லை என்றார். வாசலில் 20 நிமிடம் பேசினோம். வியாழனன்று பஸ்ஸில் நூலகம் போவதாக அவரே முடிவு செய்தார்" என்பதும் அதே சந்திப்பின் குறிப்புதான். பணம் தருபவர் கேட்கும் நேரம், நோக்கம், அடுத்த படி மூன்றும் இதில் இருக்கின்றன. மரியாதையும் இருக்கிறது.

மேலதிகாரியும் சம்பளமும்

மேற்பார்வை வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது, தவறாமல், மூடிய கதவுக்குள் நடக்க வேண்டும். மேற்பார்வையாளர் பெரும்பாலும் மருத்துவத் தரப்பைச் சேர்ந்தவர். பழக்கதோஷத்தில் தன் பணியாளரையே நோயாளியாகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். கூட்டத்தில் ஒருவர் கோபமாகப் பேசினால் மற்ற எவருக்கும் அது கோபம். சக ஆதரவாளருக்கு மட்டும் "தூக்கம் சரியா இருக்கா? மாத்திரை எடுத்தீங்களா?" இந்த ஒரு கேள்வி ஒரு நல்ல பணியாளரை ராஜினாமா வரை கொண்டுபோகும். உடல்நலமில்லாமல் விடுப்பு எடுத்தால் மற்றவர்களுக்குள்ள விதியே அவருக்கும். நேர மாற்றம் போன்ற வசதி தேவைப்பட்டால் அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி கேட்க உரிமை உண்டு. ஒரு மையத்தில் இரண்டு பேராவது இருப்பது நல்லது. தனியாக இருக்கும் சக ஆதரவாளர், மருத்துவர்களின் பேச்சுவழக்கை மெல்லப் பிடித்துக்கொண்டு, ஒருநாள் 'கேஸ்' என்று சொல்லத் தொடங்குவார்.

சம்பளத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. பலர் ஊனமுற்றோருக்கான சமூகப் பாதுகாப்பு உதவித்தொகை பெறுகிறவர்கள். 2025 கணக்குப்படி, பார்வையுள்ள ஒருவர் மாதம் 1,620 டாலருக்கு மேல் தொடர்ந்து சம்பாதித்தால், 9 மாதச் சோதனைக் காலம் முடிந்தபின், அந்தத் தொகை நிற்கும் நிலை வரும். மணிக்கு 18 டாலர் என்று வைத்தால், வாரம் 20 மணி நேரத்துக்கு மாதம் சுமார் 1,560 டாலர், வரம்புக்குள் நிற்கிறது. முழுநேரம் என்றால் இரட்டிப்பு. நிம்மதியாக வாழ அதுவும் போதாது, ஆனால் உதவித்தொகையை இழக்கப் போதும். பலர் பகுதிநேரத்திலேயே நிற்பதற்குச் சோம்பல் காரணமில்லை. வேலைக்கு எடுக்கும்போதே உதவித்தொகைக் கணக்கு தெரிந்தவரிடம் அனுப்பிவைப்பது மையத்தின் கடமை. பழைய கைது, சிறைப் பதிவுகளால் பின்னணிச் சோதனையில் தடுக்கப்படுவதும் உண்டு. நோயின் உச்சத்தில் நடந்தவற்றுக்காக, அந்த நோயை வென்ற அனுபவத்தைக் கேட்கும் வேலையே மறுக்கப்படுவது அநியாயம்.

இதெல்லாம் பலன் தருகிறதா? நேர்மையான பதில் கலவையானது. 2014இல் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நம்பிக்கை, மீட்சி, தன்னாளுமை ஆகியவற்றில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. மருத்துவமனைச் சேர்க்கை குறைந்ததற்குச் சான்று இல்லை. இங்கிலாந்தின் இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 2018இல் வெளியானதில், நெருக்கடிக் குழுவின் பராமரிப்பு முடிந்தவர்களுக்குச் சக ஆதரவாளர்கள் பத்துச் சந்திப்புகளில் ஒரு மீட்சிப் பயிற்சிநூலை நிரப்ப உதவினார்கள். ஓராண்டுக்குள் தீவிர சிகிச்சைக்குத் திரும்பியவர்கள் 29 சதவீதம். நூல் மட்டும் தபாலில் பெற்றவர்களில் 38 சதவீதம். 2022இல் வெளியான பெரிய ஆய்வில், வார்டிலிருந்து வீடு திரும்புகிறவர்களுக்குத் தந்த ஒருவருக்கொருவர் துணை, மீண்டும் சேர்க்கப்படுவதைக் குறைக்கவில்லை. இரண்டாவதைக் காட்டி இந்த வேலையே வீண் என்பது அவசரம். முதலாவதைக் காட்டிப் படுக்கைகளை மிச்சம்பிடிக்கலாம் என்று நிர்வாகத்திடம் விற்பதும் தவறு. படுக்கைக் கணக்கில் வாக்குக் கொடுத்து நுழைந்த வேலை, அந்தக் கணக்கு பொய்த்த அன்று வெளியேற்றப்படும்.

நம் பக்கம் இந்தப் பதவி இன்னும் வரவில்லை என்றே சொல்லலாம். புனே, அகமதாபாத் நகரங்கள் பங்கேற்ற 'அப்சைட்ஸ்' என்ற பன்னாட்டு ஆய்வுத் திட்டம் உகாண்டாவின் கம்பாலா, தான்சானியாவின் தாருஸ்ஸலாம், ஜெர்மனி, இஸ்ரேல் ஆகிய இடங்களோடு சேர்த்து இந்தியாவிலும் சக ஆதரவைச் சோதித்துப் பார்த்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்த பிறகு நடந்த மாற்றங்களின் தொடர்ச்சியாக வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மாநில மனநல ஆணையத்தில் மனநோயை அனுபவித்தவர்களுக்கு இடம் தருகிறது. எப்படிச் சிகிச்சை வேண்டும், எப்படி வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையையும் வயதுவந்த ஒவ்வொருவருக்கும் தருகிறது. ராப் திட்டத்தின் நெருக்கடிப் பக்கத்துக்கு இங்கே சட்ட வடிவமே இருக்கிறது. அதை உட்கார்ந்து எழுதிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. 1996இல் தொடங்கி, தமிழ்நாட்டில் முதலில் திருச்சிக்கு வந்த மாவட்ட மனநலத் திட்டத்தின் பணியிடப் பட்டியலில் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், நர்ஸ், பதிவேட்டாளர் எல்லாரும் உண்டு. சக ஆதரவாளர் இல்லை.

நாளை அந்தப் பணியிடம் உருவானால் எங்கே சறுக்கும் என்பதையும் ஊகிக்கலாம். அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவின் கூட்டத்தில் அவர் டோக்கன் கொடுக்கவும், மருந்துக் கவுண்டர் வரிசையைச் சரிசெய்யவும் அனுப்பப்படுவார். வீட்டுக்குப் போனால் அம்மாவும் அண்ணனும் நடுக்கூடத்தில் உட்கார்ந்து, "நீங்களாவது சொல்லுங்க தம்பி, மாத்திரையை ஒழுங்கா போடச் சொல்லுங்க" என்பார்கள். அவர்களின் களைப்பும் உண்மையானது, அதைக் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். கேட்டுவிட்டு, "அவரோட கொஞ்சம் டீக்கடை வரைக்கும் நடந்துட்டு வரேம்மா" என்று அவரை வெளியே அழைத்துப்போக, யாரும் கேள்வி கேட்காத ஒரு மணி நேரம் அந்தப் பணி விவரத்தில் இருக்க வேண்டும்.